பூவாடைக்காரிக்கு முகம் வைத்தவள்

என் தங்கைக்குப் போட்டோ கிடையாது. பதிமூன்று வயதில் எங்கள் உப்புத் தண்ணி ஏரியோடு போனாள். பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கைவிட்டு இறால் தடவிக்கொண்டே போனவள், மடுவில் கால் வைத்துவிட்டாள். மறுநாள் முகத்தை மூடித்தான் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி, கன்னியாகச் செத்து வீட்டுச் சாமியானவள். கலியாணம் என்றால் முதலில் அவளைத்தான் ஏரிக்கரைக்குப் போய் அழைப்போம். சொம்பில் தண்ணீர் மொண்டு, மஞ்சள் பூசி, புதுப் பாவாடை சுற்றி, பூ வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவோம். அந்தச் சொம்புதான் அவள். முகம் வைக்கிற வழக்கமில்லை.

அந்த வழக்கத்தைக் கெடுத்தவள் நான்.

பட்டணத்திலிருந்து படம் வரைகிற பெண் ஒருத்தி வந்தாள். சாமிக் கதை, பழங்கதை எல்லாம் கேட்டு வரைகிறவளாம். ஊரில் எல்லாரும் என்னைத்தான் கைகாட்டினார்கள். எழுத்துக்கூட்டுகிற அளவுக்குத்தான் எனக்குப் படிப்பு. ஆனால் கதை சொல்ல உட்கார்ந்தால் எனக்கு மேல் ஆளில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு, இன்றைக்கும் உண்டு. சாமிக் கதைகளை முடித்துவிட்டுத் தங்கை கதையையும் சொன்னேன். அதோடு நின்றிருக்கலாம்.

"அவங்க முகம் எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. அந்த முகத்தைப் பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். நான் போய்ச்சேர்வதற்குள் ஒருதரம் பார்த்துவிட ஆசை வந்தது. சொன்னேன். கறுப்பு. சின்னக் கண். மேல்பல் தூக்கல். புருவத்தில் ஒரு வெட்டு, சண்டையில் நான் வீசிய மட்டி ஓடு பட்டது. எல்லாவற்றையும் அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பட்டணத்தில் அவள் வைத்த படக் கண்காட்சிக்கு வரச்சொல்லி ஆள் விட்டாள். மருமகளோடு ஆரம்பாக்கத்தில் ரயிலேறிப் போனேன். வெள்ளைச் சுவர், ஏசிக் குளிர், ஆளுயரப் படங்கள். எல்லாம் என் வாயிலிருந்து போன கதைகள். படகைத் தோளில் தூக்கிய அம்மனைக்கூட நான் நின்று பார்க்கவில்லை. தங்கையைத் தேடிக்கொண்டே போனேன். கடைசிச் சுவரில் இருந்தாள்.

நல்ல சிவப்பு. காதுவரை நீண்ட கண். பல் தெரியாத சிரிப்பு. காலடியில் தாமரை. உப்புத் தண்ணியில் தாமரை!

"இன்னா அத்தே, சினிமாக்காரி மாதிரி கீறா!" என்றாள் மருமகள்.

கீழே ஒட்டியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'ஏரிக் கன்னி. நாட்டுப்புறக் கற்பனை.' ஒரு வயிற்றில் பிறந்தவள், ஒரு பாயில் படுத்தவள், கற்பனையாம்.

வரைந்தவள் வந்து என் கையைப் பிடித்தாள். "பிடிச்சிருக்காம்மா?"

"வெட்டு எங்க?"

"எதும்மா?"

"புருவத்துல வெட்டு. சொன்னேன் இல்ல?"

"அதுவா? தெய்வம் இல்லீங்களா, கொஞ்சம் அழகா இருக்கட்டும்னு..."

"நீ தெய்வத்தையா கேட்ட? என் தங்கச்சி மூஞ்சியத்தான கேட்ட?"

அவள் சிரித்தபடியே என் தோளைத் தொட்டு, "இவங்கதான் எங்களுக்குக் கதை சொன்னவங்க" என்று கூட்டத்துக்குச் சொன்னாள். கை தட்டினார்கள். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு நானும் நின்றேன். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

அதே படத்தை அட்டையில் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள். மருமகளும் வாங்கி வைத்திருந்தாள். பேத்தி கலியாணத்துக்குப் பூவாடைக்காரியை அழைத்து வந்து சொம்பை இறக்கினால், பக்கத்தில் அந்த அட்டை. நெற்றியில் குங்குமம் வேறு.

"எடு அத. அவ இல்ல அது."

"நல்லா கீதே கத! நீதான அத்தே குந்தி குந்தி சொல்லிக் குடுத்த?"

பேத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டே, "வுடு ஆயா. இத்தினி நாளா வெறும் சொம்பத்தான கும்புட்டோம். இப்பதான் சின்ன ஆயா மூஞ்சியே தெரியுது" என்றாள்.

கலியாண வீட்டில் எவ்வளவு கத்துவது? எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். நான் கண்ணை மூடி என் தங்கையைக் கூப்பிட்டேன். நீளக் கண்காரி வந்து நின்றாள். அவளைத் தள்ளிவிட்டுத் தேடினேன். தூக்கல் பல் கிடைத்தது. புருவத்து வெட்டு கிடைத்தது. இடது புருவமா, வலது புருவமா?

மட்டி ஓட்டை வீசியவள் நான். எனக்கே தெரியவில்லை.