சிரில் மாமாவின் ஏழு நிமிடம்

வட இங்கிலாந்து மலைக்கிராமமான கெல்டேலில் நூற்றுப் பன்னிரண்டு பேர், நாலாயிரம் ஆடுகள். இந்த ஊரிலிருந்து பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்று என் அம்மா ஹில்டா, தபால்காரர் முதல் பாதிரியார் வரை எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். ஆனால் எனக்கு முன்பே ஊர்ப் பெயரை வெளியே எடுத்துப்போனவர் அம்மாவின் பெரியப்பா மகன் சிரில் மெட்காஃப். நாடக நடிகர். பெருமையில் முதலிடத்தை நான் அவருக்குத் தாராளமாக விட்டுக்கொடுப்பேன். "பெண்டாட்டியே அவன் பிழைப்பைக் கெடுத்துட்டா" என்று ஊர் பேசுவதைத்தான் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

சிரில் மாமா பத்தொன்பது வயதில், ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் காலத்தில், ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் குழுவோடு கிளம்பிவிட்டார். நடிக்கப் போனதற்காக அவருடைய அப்பா கோபப்படவில்லை. பாதி கத்தரித்த ஆட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனதற்காகத்தான் மூன்று வருடம் பேசாமல் இருந்தார்.

உலகப் போரில் லாரி ஓட்டித் திரும்பிய மாமாவுக்கு ஹாலர்ஸ்பி அரங்கத்தில் வேலை கிடைத்தது. வாரத்துக்கு ஒரு நாடகம். காலையில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை, மாலையில் இந்த வார நாடகம். பதினான்கு வருடம் அங்கே வைத்தியராக, வக்கீலாக, எல்லாவற்றையும்விட அதிகமாகப் பெரிய வீட்டு பட்லராக நடித்தார். அதற்காகத் தன் நாக்கிலிருந்து கெல்டேல் பேச்சைச் சுரண்டி எடுத்தார். ஊருக்கு வந்தால், "துரை வந்துட்டாரு, நாற்காலியத் துடைங்கப்பா" என்று கிண்டல்.

அந்த அரங்கத்தின் மேடை நிர்வாகி எட்னா அத்தை. மாமாவின் மனைவி. வீட்டில் "சிரில்" என்பார். அரங்கத்துக்குள் கால் வைத்துவிட்டால் "மிஸ்டர் மெட்காஃப்". ஏழரைக்குத் திரை ஏறும். ஆறு ஐம்பத்தைந்துக்கு அத்தை "அரை மணி!" என்று குரல் கொடுப்பார். முப்பத்தைந்து நிமிடம் எப்படி அரை மணி ஆகும் என்று நாடகக்காரர்கள் கேட்பதில்லை. அந்தக் குரலுக்கு முன் வாசலில் இருக்கும் தாளில் கையெழுத்துப் போடாதவரின் வேடம் மாற்று ஆளுக்குப் போய்விடும். காய்ச்சலென்றாலும் சரி, ரயில் தாமதமென்றாலும் சரி.

1961 அக்டோபரில் லண்டனிலிருந்து ஃபாரன்ட் என்ற திரைப்பட இயக்குநர் நாடகம் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. வட இங்கிலாந்து வட்டாரப் பேச்சுக்குப் படங்களில் திடீரென்று மவுசு வந்திருந்த நேரம். அவருக்கு மலை விவசாயி ஒருவர் தேவை. படம் முழுக்க வரும் பாத்திரம். அந்த வாரம் மாமா நடித்துக்கொண்டிருந்ததும் மலை விவசாயியாகத்தான், மகனை வீட்டை விட்டு விரட்டும் தகப்பன். நாற்பத்திரண்டு வயதில் இன்னொரு வாய்ப்பு வராது என்று மாமாவுக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும்.

அவர் வரவேண்டிய வியாழக்கிழமை, ஒத்திகை முடிந்ததும் மாமாவுக்குத் தன் பூட்ஸ் மனதை உறுத்தியது. அது நாடக பூட்ஸ், சேற்றையே பார்க்காதது. அப்பாவின் ஆணி அடித்த பூட்ஸ் கெல்டேலில் எங்கள் கொட்டிலில் கிடந்தது. பஸ் ஏறிவிட்டார்.

பூட்ஸ் உடனே கிடைத்துவிட்டது. ஆனால் அம்மா அதற்குள் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டாள்.

"ஹில்டா, நாலரை பஸ்ஸப் புடிக்கணும்."

"புடியேன், யாரு வேணாங்கறா? உங்கப்பா பூட்ஸு மட்டும் வேணும், என் டீ வேணாமா துரைக்கு?"

எங்கள் பக்கத்தில் இதற்குமேல் ஒருவன் எழுந்து போக முடியாது. டீ வந்தது; பழ கேக்கும் அதன்மேல் ஒரு துண்டு சீஸும் வந்தன. பக்கத்து வீட்டு ஆர்தரும் வந்தார்.

"சினிமாக்காரன் வர்றானாமே? எங்க, ஒரு தரம் ஆட்டக் கூப்பிட்டுக் காட்டு. அந்த நாக்கு இன்னும் இருக்கா, பட்லரு தின்னுட்டானான்னு பாப்போம்."

மாமா கூப்பிட்டுக் காட்டினார். மேட்டிலிருந்து இரண்டு ஆடுகள் திரும்பிப் பார்த்தன. அந்தச் சந்தோஷத்தில் இரண்டாவது கெட்டில் கொதித்தது. பஸ் பாலம் தாண்டும் சத்தம் கேட்டபோதுதான் மாமா துள்ளி எழுந்தார். மாமாவைக் கொண்டுவிட ஆர்தர் தன் ஆடு ஏற்றும் லாரியைக் கிளப்பப் பட்ட பாட்டில் இன்னும் நேரம் போயிற்று.

அரங்கத்துக்குள் நுழைந்தபோது மணி ஏழு இரண்டு.

"எட்னா..."

"அரை மணி சொல்லியாச்சு, மிஸ்டர் மெட்காஃப். லெஸ்லி வேஷம் கட்டிட்டாரு."

"ஏழே நிமிஷம்மா. அந்தாளு என்னப் பாக்கத்தான் வந்திருக்கான்."

"தெரியும்."

"வேற யாருக்குத் தெரியப்போகுது?"

"போன மாசம் நாலு நிமிஷம் லேட்டுன்னு டோரீன நடிக்கவிடாம நிறுத்தினேன். அவளுக்குத் தெரியும்."

மாடிப்படியில் மாற்று ஆள் லெஸ்லி, விவசாயிச் சட்டையோடு நின்றான். கடைசி அங்கத்தில் நாலு வரி பேசும் போலீஸ்காரன்தான் அவனுடைய வழக்கமான வேடம். "சார், கழட்டிடறேன். நீங்களே பண்ணுங்க."

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை முகத்தில் ஒன்றுமில்லை.

"கால் என்ன சைஸு?" என்று மாமா லெஸ்லியிடம் கேட்டார்.

"ஒம்பது."

"இந்தா, இத மாட்டு. குதிகால் கடிக்கும். கடிச்சாத்தான் நடை வரும். உன் போலீஸ் தொப்பி எங்க? போலீஸ்காரன் இல்லாம நாடகம் எப்படி முடியும்?"

லெஸ்லி நன்றாகவே நடித்தான். ஃபாரன்ட் அவனை லண்டனுக்கு அழைத்துப்போனார். பிறகு அவன் பெரிய நடிகனாகிவிட்டான். அன்றைக்குப் போலீஸ்காரனாக நடித்த மாமாவிடமும் ஃபாரன்ட் வந்து கேட்டார்: "அந்த வீட்டுக்குள்ள வராம ஏன் வாசல்லயே நின்னீங்க?"

"கால்ல சேறு இருக்குமே சார். அந்த வீட்டம்மா தேய்ச்சு வச்ச தரை."

அந்தப் பதிலுக்காகவே அதே படத்தில் ஒரு நாள் வேலை கொடுத்தார். அதற்குப் பிறகு இருபது வருடத்தில் இருபத்து மூன்று படங்கள். எல்லாவற்றிலும் மாமா போலீஸ்காரர்தான். கெட்ட செய்தி சொல்ல வாசலில் வந்து நிற்பவர். இங்கிலாந்தில் அந்த முகம் தெரியாதவர் இல்லை. பெயர் தெரிந்தவரும் இல்லை. ஊரில் அத்தையைத் திட்டும் பேச்சு எடுத்தால் என் அம்மா மட்டும் சேர மாட்டாள். எழுந்து ஜன்னலைத் துடைக்கப் போய்விடுவாள்.

அந்த வியாழனுக்கு மறுநாள் காலை நடந்ததை எனக்குச் சொன்னது அத்தை. சாப்பாட்டு மேசையில் இருவரும் புகைமீன் தின்றுகொண்டிருந்தார்களாம்.

"என்னத்தையாவது பேசு, சிரில்."

"மீன் நல்லாருக்கு."

"திட்டிடேன்."

"எதுக்கு? என்ன உள்ள விட்டிருந்தா, டோரீன் மூஞ்சிய நீ எப்படிப் பாப்ப?" பிறகு மாமா, "ஆனா உன் கடிகாரம் வேகமா ஓடுதுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

"அதனாலதான் வாசல் கடிகாரத்தப் பாத்தேன். அப்புறம் லெஸ்லி கையப் புடிச்சு அவனோடதையும் பாத்தேன். ஏதாவது ஒண்ணு உனக்காகப் பேசாதான்னு. மூணும் ஒரே மணிதான் சொல்லிச்சு, சிரில்."

மாமா தன் தட்டிலிருந்த மீனில் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தார். சுத்தமான பாதியை அத்தையின் தட்டுக்குத் தள்ளிவிட்டு, "சாப்பிடு, பத்து மணிக்கு ஒத்திகை. நான் லேட்டாப் போனா அங்க ஒருத்தி விடமாட்டா" என்றார்.