மாத்திரை குடுத்தாங்க, கஞ்சி குடுக்கல

போன தவக்காலத்துல எனக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு சொல்லி, என் சேலையாலேயே என் கையக் கட்டிப் போட்டாங்க. கட்டினது வேற யாரும் இல்ல, எங்க வீட்டு ஆளுங்கதான். அன்னைக்கு நான் மாதாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். மாதா குடுத்தாங்க. அதச் சொல்லத்தான் இன்னைக்கு நம்ம தெருக் குடும்பங்க கூடி ஜெபிக்கிற இந்த அன்பியக் கூட்டத்துல எந்திரிச்சு நிக்கேன். கேக்க இனிப்பா இருக்காது, இப்பவே சொல்லிட்டேன்.

என் பேரு ரோஸ்லின். திரேஸ்புரம் கரையில மீன் ஏலம் எடுத்து விக்கிறவ. உங்கள்ல பாதிப் பேருக்கு என் மீன்கூடையத் தெரியும், மீதிப் பேருக்கு என் வாயத் தெரியும். வீட்டுக்காரரு சூசை விசைப்படகுல டிரைவர். ஒரே மகன் பிரான்சிஸ், சரக்குக் கப்பல்ல வேல பாக்கான். எங்க கூடவே எம் புருசனுக்கு அக்கா அருளம்மா மதினியும் இருக்காங்க. இந்தா, ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்காங்களே, அவங்கதான்.

எனக்குச் சுகர் வந்து ரொம்ப வருசமாச்சு. பெரிய ஆஸ்பத்திரில வரிசையில நின்னு மாத்திரை வாங்கி, ஒழுங்கா முழுங்கிட்டு வந்தேன். விடியுறதுக்கு முன்ன கட்டன்சாயா குடிச்சிட்டு மாத்திரையப் போட்டுட்டுக் கரைக்குப் போயிருவேன். நல்லாத்தான் இருந்தேன்.

கிறிஸ்மஸுக்கு மகன் லீவுல வந்தான். கப்பல்காரன் வந்தா வீட்டுல என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? பெட்டியத் திறந்தா சோப்பு, சென்ட், தைலம், பால்பவுடர். அதுல எனக்குன்னு ஒரு மாத்திரை டப்பாவும் இருந்தது. போன தடவ வந்தப்ப என் மாத்திரை அட்டைய போட்டோ எடுத்துட்டுப் போயி, ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்துல மருந்துக்கடையில காட்டி வாங்கியிருக்கான். "எம்மா, இது வெளிநாட்டு மாத்திரை, சுகருக்கு ரொம்ப நல்லது, இதச் சாப்பிடு"ன்னான். இதச் சாப்பிடுன்னு சொன்னவன் அத விட்டுருன்னு சொல்லல. எனக்கும் கேக்கத் தோணல.

ஆஸ்பத்திரி மாத்திரை டாக்டர் குடுத்தது, அத நிறுத்தக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க. கப்பல் மாத்திரை பெத்த பிள்ள கொண்டாந்தது. அத முழுங்காம அலமாரியில வைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? ரெண்டையும் முழுங்கினேன். அடுத்த தடவ ஆஸ்பத்திரிக்குப் போனப்ப இதச் சொல்லவும் இல்ல. அங்க கேக்குறவங்களுக்கு நேரம் இல்ல. ஏலத்துல ஊருக்கே கேக்குறாப்புல கத்துற என் வாயும் டாக்டரப் பாத்தா ஒட்டிக்கிடும்.

கொஞ்ச நாள்ல கை நடுக்கம், வேர்வை, படபடப்பு. வயசாகுதுன்னு நினச்சேன். அதுக்குள்ள தவக்காலம் வந்துட்டு. மகன் கடல்ல கெடக்கான், அவனுக்காக ஒருசந்தி இருப்போம்னு நேந்துக்கிட்டேன். ஒருநேரச் சாப்பாடு, அதுவும் கரையில இருந்து வந்து மத்தியானத்துக்கு மேல. ஆனா காலையில மாத்திரை மட்டும் தவற மாட்டேன். ரெண்டு மாத்திரையும் வெறும் வயித்துல.

ஒரு நாள் ஏலத்துல நிக்கேன். மலிவா கெடக்குற ஒரு சாளைக் குவியலுக்கு, வெலை கூடுன சீலா மீன் வெலையக் கேட்டேனாம். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. நான் ஏலக்காரர் சட்டையப் பிடிச்சு இழுத்து, வாயில வராத வார்த்தையெல்லாம் பேசி, ஈர மணல்லயே விழுந்து படுத்துட்டேன். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. யாரோ வீட்டுல கொண்டாந்து விட்டாங்க. மதினி சோத்தக் கரச்சு ஊட்டி விட்டாங்க, கொஞ்ச நேரத்துல தெளிஞ்சுட்டேன். அந்தச் சோத்த நினச்சாவது பின்னால அவங்களுக்குப் புத்தி வந்திருக்கணும். வரல.

ரெண்டு மூணு தடவ இப்படி ஆச்சு. வீட்டுல சட்டியப் போட்டு உடச்சேனாம். மதினியப் பாத்து "நீ யாரு, என் வீட்டுல ஒனக்கு என்ன வேல"ன்னு கேட்டேனாம். அதோட முடிஞ்சது. "ஏலே சூசை, இது உம் பொண்டாட்டி பேச்சு இல்ல. கடல்ல செத்தவன் எவனோ கரையில வச்சு இவள ஒட்டிக்கிட்டான்"னு மதினி சொல்லிட்டாங்க. நான் தெளிவா இருக்கிறப்ப கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன், "மதினி, எனக்கு உடம்புக்குத்தான் முடியல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க." பேய்தான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொல்லும், ஜெபத்துக்கு வாரதுக்குப் பயப்படும்னு பதில் வந்தது. இதுக்கு மேல ஒரு மனுசி என்ன பேச முடியும்? சொல்லுங்க பாப்போம்.

தெக்கே கடற்கரையில, கல்லுக் குகை மாதிரி கட்டி மாதா சுரூபம் வச்சிருக்க ஒரு கெபிக்குக் கொண்டு போனாங்க. அங்க ஜெபக்காரர்னு ஒருத்தர் உக்காந்திருந்தாரு. நம்ம பங்குக் கோயிலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, தானா வந்து கூடாரம் போட்டவரு. என்னையப் பாத்த உடனே, "உபவாசத்துல வைக்கணும், பொழுது சாயிற வரைக்கும் தண்ணியத் தவிர ஒண்ணும் குடுக்காதீங்க"ன்னுட்டாரு. மதினி அப்படியே கேட்டாங்க. ஆனா மாத்திரைய மறக்கல. தினமும் காலையில ரெண்டு மாத்திரையையும் எண்ணி என் வாயில போட்டுத் தண்ணி ஊத்துவாங்க. டாக்டர் தவறக்கூடாதுன்னு சொல்லியிருக்காருல்லா!

மத்தியானம் நெருங்க நெருங்க எனக்குக் கண்ணு இருட்டும், வேர்த்து ஊத்தும், கத்துவேன், கையக் கால உதறுவேன். "பாத்தீங்களா, வெயில் உச்சிக்கு வாரப்ப வருது, உச்சிப் பேய்"னு ஜெபக்காரர் சொல்லுவாரு. கையக் கட்டுவாங்க. சாயங்காலம் கஞ்சி குடிச்சா தெளிஞ்சிரும். உடனே ஜெபம் வேல செய்யுதுன்னு ஸ்தோத்திரம். எம் புருசன் தூணப் பிடிச்சுக்கிட்டு அழுவாரு. அழுவாரே ஒழிய வந்து அவுத்து விட மாட்டாரு. கடல்ல எந்தக் காத்துக்கும் பயப்படாத மனுசன், அக்கா சொல்லுக்கு அப்படிப் பயந்தாரு.

நெசமாவே பேய்தானோன்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு. ஒரு சாயங்காலம் கஞ்சி குடிச்சு முடிச்சு மாதாவ அண்ணாந்து பாத்தேன். மதினி பக்கத்துல இருந்தவங்ககிட்ட, "இவ தேறுற மாதிரி இல்ல, இங்கனயே விட்டுட்டுப் போயிர வேண்டியதுதான்"னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. அது என் காதுல விழுந்தது. எனக்குச் சாவுக்குப் பயம் இல்ல. கிறுக்கியா அந்த மணல்ல கெடந்து, என் வீடு எதுன்னு தெரியாம, என் மகன் வந்தா அவன் முகமும் தெரியாமப் போயிருவேனோன்னுதான் பயம். "எம்மா மாதாவே, சொகம் குடுன்னு கேக்கல. எனக்குப் பேய் இல்லன்னு ஒரே ஒரு ஆளையாவது சொல்ல வையி. ஒரு ஆளு போதும்"னு கேட்டேன். வேற ஜெபம் எனக்கு வாயில வரல.

மறுநாளும் உச்சி நேரத்துல எனக்கு அதே மாதிரி வந்துட்டு, கையும் கட்டியாச்சு. எல்லாரும் தள்ளி நிக்காங்க. ஆலந்தலையில இருந்து நேர்ச்சைக்கு வந்த ஒரு சின்னப் பொண்ணு, ஜெனிட்டான்னு பேரு, நேரா வந்து என் கழுத்தத் தொட்டுப் பாத்திருக்கு. "இந்த அக்காவுக்குப் பேய் இல்ல. சுகர் எறங்கியிருக்கு. எனக்கும் இப்படித்தான் வரும்"னு சொல்லியிருக்கு. அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயசுல இருந்தே சுகர், தினமும் ஊசி போட்டுக்கிடுது.

"ஏளா, தள்ளிப் போ, உம் மேல ஏறிரும்"னு மதினி விரட்டியிருக்காங்க. "ஏறுனா ஏறட்டும்"னு அது என் விரல்ல குத்தி, பையில வச்சிருந்த மீட்டர்ல வச்சுப் பாத்தது. ரொம்பக் கீழ எறங்கியிருந்தது. என்னால முழுங்க முடியுதான்னு முதல்ல ஒரு மடக்குத் தண்ணி குடுத்துப் பாத்துட்டு, குளுக்கோசக் கரச்சுக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தது. கொஞ்ச நேரத்துல எனக்கு முகமெல்லாம் தெளிவாத் தெரிஞ்சது. "என்னைய யாரு கட்டினது?"ன்னு கேட்டேன். உடனே சுத்தி நின்னவங்க கையத் தட்டிப் பேய் போயிட்டு, பேய் போயிட்டுன்னு ஒரே சத்தம். ஜெபக்காரர் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நடுவுல வந்து நின்னாரு! எரிஞ்சது எனக்கு.

ஜெனிட்டா அத எதையும் கண்டுக்கல. "என்ன மாத்திரை குடுக்கீங்க?"ன்னு மதினியக் கேட்டது. மதினி ரெண்டையும் எடுத்து நீட்டினாங்க. அந்தப் பொண்ணு பெரிய எழுத்த விட்டுட்டு, கீழ பொடி எழுத்துல இருக்க மருந்துப் பேர ரெண்டுலயும் படிச்சது. "ரெண்டும் ஒரே மருந்து, கம்பெனிதான் வேற. காலையில என்ன சாப்பிட்டாங்க?"

"உபவாசம்லா."

"மாத்திரை மட்டும் குடுத்தீங்களாக்கும்?"

இந்த மாத்திரைக்குத் திரும்பவும் எறங்கும், இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு அந்தப் பிள்ள ஒத்தக் கால்ல நின்னது. அப்பதான் எம் புருசனுக்குக் கால் வந்தது. ஆட்டோ பிடிச்சாரு.

ஆஸ்பத்திரில ஊசி வழியா மருந்து ஏத்தி, படுக்க வச்சுப் பாத்துக்கிட்டாங்க. சொன்னாப்புலேயே திரும்பவும் எறங்குச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நீங்க எந்திரிச்சிருக்கவே மாட்டீங்கன்னு டாக்டர் சொன்னாரு. "வேற மாத்திரை சாப்பிடுறத ஏன் சொல்லல?"ன்னு சத்தம் போட்டாரு. "நீங்க ஏன் கேக்கல?"ன்னு நானும் கேட்டேன். அப்புறம் பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் நிதானமாச் சொல்லித் தந்தாரு. பங்குச்சாமி பாக்க வந்தவரு, நோயாளிக்கு ஒருசந்தி கட்டாயமே இல்ல, யாரும்மா ஒன்ன இருக்கச் சொன்னான்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. மகன் போன்ல அழுதான். அவன என்ன சொல்ல? பாசத்துல வாங்கினான்.

இப்ப சாப்பிடாம சுகர் மாத்திரைய வாயில வைக்கிறது இல்ல. எவன் எந்த நாட்டுல இருந்து என்ன மருந்து கொண்டாந்தாலும், தைலமா இருந்தாக்கூட, டாக்டர்கிட்ட காட்டாமத் தொட மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனா வீட்டுல இருக்க அத்தன மாத்திரையையும் பையோட கொண்டு போயி மேசையில கொட்டிருவேன். பின்னால நிக்கவங்க முணுமுணுப்பாங்க, முணுமுணுக்கட்டும். மடியில எப்பவும் மிட்டாய் இருக்கும். எம் புருசன் படகுக்குப் போறதுக்கு முன்ன அவரே நாலு இட்லிய எடுத்து வச்சிட்டுப் போறாரு. வாயத் திறந்து மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கேக்கல, இட்லி மட்டும் வைக்காரு.

கரையில இன்னும் சில பொம்பளைங்க என் கூட நிக்கப் பயப்படுதாங்க. பேய் போனது கெபியில, ஆஸ்பத்திரில சும்மா தண்ணி ஏத்துனாங்கன்னு மதினி இன்னைக்கும் வீடு வீடாச் சொல்லுதாங்க. இந்தக் கூட்டத்துலயும் "பேய் விட்டுப் போச்சுன்னு சாட்சி சொல்லு"ன்னு கேட்டாங்க. சொல்ல மாட்டேன். எனக்குப் பேயே பிடிக்கல. மாதா எனக்குச் செஞ்சது பேய விரட்டினது இல்ல, ஒரு ஆள அனுப்பினது. ஒரு ஆளு கேட்டேன், ஒரு ஆளு வந்தது. நான் கேட்ட வார்த்தைய அப்படியே அந்தப் பிள்ள வாயால சொல்லியிருக்கு. என் புத்தியோட என் வீட்டுல இருக்கேன்னா அது அந்தத் தாய் போட்ட பிச்ச. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

உங்களுக்கும் சொல்லுதேன். ஜெபம் பண்ணுங்க. பண்ணிட்டு வாயத் திறந்து டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க. நீங்களா ஒரு மாத்திரையச் சேக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். வீட்டுல ஒருத்தரு திடீர்னு வேர்த்து ஒளறினா கயித்தத் தேடாதீங்க. முழுங்க முடிஞ்சா இனிப்பு குடுங்க, முடியலன்னா வாயில ஒண்ணும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க.

பங்குச்சாமி என்கிட்ட மதினிய மன்னிச்சிட்டியான்னு கேட்டாரு. இல்ல சாமின்னு சொன்னேன். மதினியும் கேட்டுக்கிடுங்க, மன்னிக்கல. மன்னிக்க ஒரு மனசு குடுன்னு தினமும் மாதாகிட்ட கேக்கேன். இன்னும் குடுக்கல. முதல்ல கேட்டதக் குடுத்தவங்க இதையும் குடுப்பாங்கன்னு நம்பித்தான், இன்னும் அதே வீட்டுல, மதினிக்கும் சேத்து ஒல வச்சுக்கிட்டு இருக்கேன்.