மூன்று நாள் பொறுக்காதவன்

சவரம் செய்யும்போதுதான் அது கையில் பட்டது. இடது தாடைக்குக் கீழே, கழுத்து தொடங்கும் இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. வலது பக்கமும் அதே இடத்தில் தடவிப் பார்த்தேன். அங்கேயும் ஒன்று இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இல்லை. மறுபடி இடது, மறுபடி வலது. நுரை முகத்திலேயே காய்ந்து போனது.

அன்று திங்கட்கிழமை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "நெறி கட்டியிருக்கும். அந்தச் சொத்தப் பல்ல புடுங்குங்கன்னு எத்தன தடவ சொல்றது? நாலு நாள் பாருங்க, அதுவா வத்திரும்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார், எல்லா நோய்க்கும் கருத்து வைத்திருப்பவர். "வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். "வலிச்சா பயமில்ல லா. வலிக்காததுதான்..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அதற்கு முழுதாகவே சொல்லித் தொலைத்திருக்கலாம். கைப்பேசியில் தேடினேன். அது பல்லில் ஆரம்பித்துப் பாடையில் கொண்டுபோய் விட்டது.

செவ்வாய்க்கிழமை சோறு இறங்கவில்லை. புதன்கிழமைக்குள் தடவித் தடவியே அந்த இடத்தைச் சிவக்க வைத்துவிட்டேன். அதற்கு மேல் தாங்காமல் அக்கா மகளுக்குப் போன் போட்டேன். அவள் நீலாயில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். சொந்தக் கார் வைத்திருக்கிறாள். "நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க மாமா. நாளைக்கி லீவு போட்டுட்டு வரேன். சிரம்பான்ல ஸ்கேன் இருக்கிற கிளினிக் ஒண்ணு எனக்குத் தெரியும்" என்றாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது, தெரிந்தது. மூன்று நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. அவளுடைய அம்மாவை, என் கூடப் பிறந்த அக்காவை, நான் பொறுக்கச் சொன்னது மூன்று வாரம்.

லாபு பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் மண்டோராக இருந்தவன் நான். காலையில் ஆள்கள் வரிசையாக வந்து நிற்கும் பெரட்டில் அவர்கள் பேரைக் கூப்பிட்டு, யாருக்கு எந்த மர நிரை என்று பிரித்துக் கொடுத்து, அவர்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று பின்னால் நடந்து பார்ப்பவன்தான் மண்டோர். கடைசி வருடங்களில் குலை வெட்டுவதற்கெல்லாம் வங்காளதேசத்துப் பையன்கள் வந்துவிட்டார்கள். உரம் போடும் கூட்டத்தில் மட்டும் நம்முடைய பெண்கள் எட்டுப் பேர் மிச்சம் இருந்தார்கள். அதில் ஒருத்தி அக்கா. புருஷன் போன பிறகு, ஒரே மகளைப் படிக்க வைப்பதற்காக உர வாளியைத் தூக்கியவள்.

எனக்கு முன்னால் இருந்த மண்டோர், தன் சொந்தக்காரர்களுக்குச் சமதரையும் மற்றவர்களுக்கு மேடும் பிரித்துக் கொடுத்தவர். அந்த மற்றவர்களில் எங்கள் குடும்பமும் உண்டு. அதனால் பொறுப்பு என் கைக்கு வந்த முதல் நாளே அக்காவுக்கு மேட்டு நிரையைக் கொடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே ஏறினாள். வீட்டில் என்னைத் தம்பி என்பாள். பெரட்டில் மற்றவர்களைப் போல மண்டோரே என்பாள். நான் கேட்கவில்லை, அவளாகவே வகுத்துக்கொண்டது. கூடப் பிறந்தவளுக்கே சலுகை காட்டாதவன் என்று தோட்டம் முழுக்க எனக்கு நல்ல பேர். அந்தப் பேருக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன், செய்தேன்.

தோட்டத்தில் நோய் என்று ஒன்று கிடையாது. எம்.சி. என்றுதான் ஒன்று உண்டு. காய்ச்சல் என்று யாராவது வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, "என்ன, எம்.சி. வேணுமா?" என்று கேட்போம். டாக்டர் எழுதிக் கொடுக்கும் அந்த லீவுச் சீட்டுக்காகத்தான் உடம்பே கெடுகிறது என்பது எங்கள் கணக்கு. ரோஷமுள்ளவர்கள், "எம்.சி. வேணாம் மண்டோரே, மாத்திர மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டு அதே காய்ச்சலோடு காட்டுக்குள் போவார்கள். அப்படிப் போகிறவர்களை நான் மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வேன். இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

உரச் சுற்று ஆரம்பித்த நாள். பேர் கூப்பிட்டு முடித்திருந்தேன். மற்றப் பெண்கள் வாளிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் கிட்டே வந்தாள்.

"தம்பி" என்றாள் மெல்ல. பெரட்டில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இங்க, கைக்கு அடியில ஒரு கட்டி மாதிரி இருக்குடா. ஒரு நாள் டவுனுக்குப் போய்க் காட்டிட்டு வந்துடட்டுமா? நீ துண்டுச் சீட்டு எழுதிக் குடுத்தாத்தான் ஆபீஸ்ல வேன்ல ஏத்துவாங்க."

கையை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்திருந்தாள். கைக்கு அடியில் என்பதற்கு மேல் எந்த அக்காவும் தம்பியிடம் சொல்ல மாட்டாள். அது என்ன இடம் என்று எனக்குத் தெரியாதா? கல்யாணமானவன், தெரிந்தது. தெரியாத மாதிரி நின்றேன். ஏனென்றால் மற்ற ஏழு பேரும் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வலிக்குதா?" என்று சத்தமாகக் கேட்டேன்.

"வலி ஒண்ணும் இல்ல."

"வலி இல்லன்னா அப்புறம் என்ன அவசரம்? வாளி தூக்கித் தூக்கி நெறி கட்டியிருக்கும். சுடுதண்ணி ஒத்தடம் குடு. உரம் முடியட்டும், மூணு வாரம்தானே? இன்னிக்கி ஒனக்குத் துண்டு குடுத்தா நாளைக்கி எட்டு பேரும் ஆளுக்கொரு கட்டியத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பாங்க."

பெண்கள் சிரித்தார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். "சரிங்க மண்டோரே" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தாள். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். என் தசை ஆடவில்லை. சொல்லப்போனால் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

உரம் முடிந்தது. அக்கா மறுபடி என்னிடம் கேட்கவில்லை. மழை வந்தது, தீபாவளி வந்தது, அடுத்த உரச் சுற்றும் வந்தது. அவள் மெலிந்துகொண்டே போனாள். அவள் மகள் அப்போது காலேஜ் விடுதியில் இருந்தாள். லீவுக்கு வந்தபோது, அம்மா துவைத்துக் காயப்போட்ட சட்டையில் போகாத கறையைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மார்பிலிருந்து எலும்புக்குப் போய்விட்டது என்றார்கள். ஏன் இத்தனை நாள் வராமல் இருந்தீர்கள் என்று டாக்டர் சத்தம் போட்டாராம். அக்கா பதில் சொல்லவில்லையாம். அடுத்த வருடம் முடிவதற்குள் போய்விட்டாள்.

சாவு வீட்டில் கூடாரத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் அழுதுகொண்டே பேசிக்கொண்டார்கள். "பாவி, யாருகிட்டயும் மூச்சு விடாம மறைச்சிட்டாளே. வெக்கந்தான் அவளக் கொன்னுருச்சி." ஒருத்தி என் பக்கம் திரும்பி, "தம்பின்னு ஒருத்தன் இருக்கானே, அவன்கிட்டயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். என்னிடமும் சொல்லவில்லை என்பது போல நான் தலையை ஆட்டினேன். அன்று ஆட்டிய தலைதான், பிறகு நிறுத்தவே இல்லை. அதற்குப் பிறகு அதுவே எங்கள் குடும்பத்தின் கதையாகிவிட்டது. அக்கா வெட்கப்பட்டாள், மறைத்தாள், செத்தாள். பெரட்டில் நின்ற ஏழு பேரில் யாரும் வாய் திறக்கவில்லை. அவர்களும் சிரித்தவர்கள்தானே. ஆறு வருடம் அந்தக் கதையின் நிழலில் நான் சௌகரியமாக இருந்தேன்.

வியாழக்கிழமை அக்கா மகள் சொன்னபடி வந்தாள். கிளினிக்கில் டாக்டர் சின்ன வயதுப் பெண், நம்மவர். எத்தனை நாளாக இருக்கிறது, பெரிதாகிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா, விழுங்கும்போது ஏதாவது தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விரலால் அசைத்துப் பார்த்தார். அது வழுக்கி வழுக்கி நகர்ந்தது. பிறகு ஸ்கேன் கருவியை வைத்து உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வெறும் கொழுப்புக் கட்டிதான் அங்கிள். அது பாட்டுக்கு இருக்கட்டும். பெருசானாலோ, கல்லு மாதிரி கெட்டியானாலோ ஒடனே வாங்க. ஆனா ஒண்ணு, நீங்க காத்துக்கிட்டு இருக்காம வந்தீங்க பாருங்க, அதுதான் நல்லது. நெறைய பேரு மாசக்கணக்கா வச்சிருந்து, கைய மீறின பெறகுதான் வராங்க."

என் வாழ்நாளில் எந்தப் பாராட்டும் என்னை அப்படி எரித்ததில்லை. தேங்க்ஸ் டாக்டர் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

காரில் ஏறியதும் அக்கா மகள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். லாபு சாலையில் திரும்பிய பிறகுதான் பேசினாள்.

"ஒங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொன்னதும் சந்தோஷந்தான் வரணும். எனக்கு அம்மா மேல கோவந்தான் மாமா வந்துச்சு. ஒங்கள மாதிரி ஒரு போன் போட்டிருந்தா போதாதா? என்கிட்டகூடச் சொல்லலயே. அப்பிடி என்ன வெக்கம்? அவங்க படத்துக்கு மால மாத்துறப்பகூட எனக்குக் கோவந்தான் வருது. ஆறு வருஷமா ஒரு திதிகூட நான் மனசாரக் குடுத்ததில்ல."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்குப் பழக்கமான வேலைதான் அது. ஆனால் இவள் தன் அம்மாவைத் திட்டிக்கொண்டே சாகும் வரை இருப்பாள் என்று அந்தக் கணத்தில் தெரிந்துவிட்டது.

"அம்மா சொன்னா" என்றேன்.

"யார்கிட்ட?"

"என்கிட்ட."

அவள் வண்டியைச் சாலை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினாள். முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெரட்டு, கைக்கு அடியில், நான் கேட்ட கேள்வி, பெண்கள் சிரித்தது. ஏன் அப்படிச் செய்தேன் என்பதையும் சொன்னேன். பழைய மண்டோர், சலுகை, ஊர் வாய் என்று வருடக்கணக்காக மனதுக்குள் சேர்த்து வைத்திருந்த நியாயம் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சரி மாமா. உரம் முடிஞ்சுச்சு. அதுக்கப்புறம் நீங்க அம்மாகிட்ட கேட்டீங்களா, அந்தக் கட்டி என்னாச்சுன்னு?"

அன்றைக்குத் துண்டு கொடுக்காததற்கு என்னிடம் பத்துக் காரணம் இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை.

"இல்லம்மா."

"ஒரு தடவகூடவா?"

"இல்ல."

அவள் வண்டியை எடுத்தாள். வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். உள்ளே வரவில்லை. கத்தியிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தாங்க முடிந்திருக்கும். அதற்குப் பிறகு போன் இல்லை. நானும் போடவில்லை, போட முகம் இல்லை.

போன வாரம் அக்காவின் திதி. அக்கா மகள் எங்கள் வீட்டில் என் மனைவியை மட்டும் கூப்பிட்டிருந்தாள். மத்தியானம் திரும்பி வந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். இந்த முறை அக்காவுக்குப் பிடித்ததையெல்லாம் மகளே தன் கையால் சமைத்துப் படைத்தாளாம். படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு ரொம்ப நேரம் அழுதாளாம். பிறகு எழுந்து, வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "எங்கம்மா எதையும் மறைக்கல. மாமாகிட்டச் சொல்லியிருக்காங்க" என்று சொன்னாளாம்.

"நெசமாவா?" என்று கேட்டாள் மனைவி.

"நெசந்தான்."

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். பிறகு, "வந்தவங்க எல்லாருக்கும் வீட்டுக்குச் சோறு கட்டிக் குடுத்தா. ஒங்களுக்குக் குடுக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.