துடுப்பில் கட்டிய சேலை

துறைமுகத்தில் நான் டக் மாஸ்டர். பெரிய கப்பலைக் கயிறு போட்டு இழுத்து பெர்த்தில், அதாவது துறைமேடையில், ஒட்டுவதுதான் டக் போட்டின் வேலை. சண்டை வந்தபின் கப்பல் ஏது? மழை பொய்த்தது, மேற்கே உள்ளவர்கள் அணையை அடைத்துக்கொண்டார்கள். கிழக்கே கடல் உப்பளத்தை விழுங்கித் தெருவுக்குள் ஏறியது. தண்ணீர்க் குடத்தில் ஆரம்பித்த அடிதடி பீரங்கியில் போய் நின்றது. அணைப் படைக்குச் சிவப்புக் கொடி. துறைமுகம் எங்கள் கரைப் படையின் கையில் இருந்தது.

காவலுக்கென்று என் டக்கில் கரைப் படை ஆபீசர் ஒருவரை ஏற்றிவிட்டார்கள். கரிசல்காட்டுக்காரர், சண்டைக்கு முன் கடலையே பார்த்திராதவர். கெட்டவர் என்று சொல்ல மனம் வரவில்லை.

அன்று காலை திரேஸ்புரத்தில் வீடுகளுக்குள் கடல் புகுந்தது. என் தங்கச்சி குடும்பமும் அக்கம்பக்கத்தாரும் ஒரே வள்ளத்தில் ஏறித் துறைமுகத்துக்குக் கிளம்பினார்கள். மத்தியானம் அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியே அந்த வள்ளம் தாழ்ந்து மிதப்பதைப் பார்த்தேன். துடுப்பு நுனியில் சிவப்பாக ஒன்று ஆடியது.

"அண்ணாச்சி, அந்தா செவப்புக் கொடி! அணைக்காரனுவ வாரானுவ" என்றார் ஆபீசர்.

"கொடியில்ல சார், சேலை. வள்ளம் தாழுதுன்னா எங்க ஆளுவ பளிச்சுன்னு ஒரு துணியத் துடுப்புல கெட்டித் தூக்குவாவ. அதுல என் தங்கச்சி இருக்கா. போவ விடுங்க சார்."

"வெள்ளையத் தூக்க வேண்டியதுதான?"

"சாவப் போறவ கலரா பாப்பா?"

அவர் வாக்கி டாக்கியில் கண்ட்ரோலைக் கேட்டார். "வெயிட்" என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ரோப்பை அவிழ்க்கச் சொல்லி இன்ஜினை முடுக்கினேன். அவர் தடுக்கவில்லை.

துறைமுக வாயைத் தாண்டுவதற்குள் சுவர்மேல் இருந்த எங்கள் படையே வள்ளத்தைப் பார்த்துச் சுடத் தொடங்கியது.

"ஏலே, நிறுத்துங்கலே! சேலைலே அது!" என்று ஆபீசரே கத்தினார்.

தங்கச்சி புருஷனை மட்டும்தான் உயிரோடு தூக்கினோம். டெக்கில் கிடந்து இருமிக்கொண்டே கேட்டான்: "சேலையக் காட்டுனமே மச்சான். நம்ம கரைதான, தெரியலியா?"

டக்கைக் கரைக்குத் திருப்பினேன்.

இன்றும் டக்கில் வேலை பழக வருகிறவர்களுக்கு ரோப், இன்ஜின், காற்று எல்லாம் சொல்லித் தருகிறேன். கடலில் துணி தெரிந்தால் கலரைப் பார்க்காதே, முதலில் டக்கை எடு என்கிறேன். சொல்லி என்ன பிரயோஜனம்? எங்கள் கரையில் இப்போது வள்ளம் தாழ்ந்தால் யாரும் எதையும் தூக்குவதில்லை. தூக்கினால் சுடுவார்கள் என்று பேசாமல் முழுகிப் போகிறார்கள்.