மன்றாட்டு மாலையில் ஒரு புதுப் பெயர்

எங்கள் வீட்டில் யாரும் கடவுளிடம் நேராகப் போனதில்லை. கூச்சம்தான் காரணம். தாலுகா ஆபீசில் ஒரு மனு கொடுக்கவே தெரிந்த பியூனைத் தேடிப் பிடிக்கிற குடும்பம், பரலோகத்தில் மட்டும் சிபாரிசு இல்லாமல் நுழைந்துவிடுமா? தொலைந்த பொருளுக்கு அந்தோணியார், உப்பளத்தில் மழை இறங்காமலிருக்க சூசையப்பர், மற்ற எல்லாவற்றுக்கும் மாதா.

தினமும் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அம்மா மன்றாட்டு மாலையைத் தொடங்குவாள். அவள் புனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, நாங்கள் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்போம். என் குரல்தான் பெரிது. அதில் அப்பாவுக்கு ஏகப் பெருமை. அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசகம் படிப்பவரும் அவர்தான்.

சுனாமிக்குப் பிறகு அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தை, எங்களோடு வந்து தங்கினாள். மாமா துபாயில் இருந்தார். அலை அவளுடைய வீட்டையும் ஐந்து வயது மகனையும் கொண்டு போயிருந்தது. பையனின் உடல் கிடைக்கவே இல்லை. அத்தை மாதக்கணக்கில் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருடம் நவம்பரில், சகல புனிதர் திருநாள் பிரசங்கத்தில், ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் இறந்தால் நேரே மோட்சம் போகிறார்கள், அவர்களும் புனிதர்களே என்றார் சாமியார். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம், எல்லாப் புனிதர்களும் முடிந்த பிறகு, அத்தை மகனின் பெயரையும் சொன்னாள். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் செய்தாள், பாவம். நான் வழக்கம்போல உரக்க, 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்றேன். என் பல்பத்தைத் திருடித் தின்கிறவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அத்தை எழுந்து வெளியே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் கோயிலுக்கு வரவில்லை. கூனிமேடு போகிற ரோட்டோரம், புனிதர்களிடம் வேண்டாத சபைக்காரர்கள் கீற்றுக் கொட்டகையில் நடத்தும் ஜெபக் கூட்டத்துக்குப் போனாள். வாசகம் படிப்பவரின் தங்கை! அப்பாவுக்குத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை.

“உனக்காக ஜெபம் பண்ணச் சொல்லி அந்த பாஸ்டரக் கேக்குற இல்ல? அதையே மோட்சத்துல இருக்கறவங்ககிட்ட கேட்டா மட்டும் தப்பாம்மா?” என்றார்.

“செத்தவங்ககிட்ட நான் எதுவும் கேக்க மாட்டேண்ணா.”

“அவங்க சாகலம்மா. ஆண்டவர்கிட்ட உயிரோட இருக்கறாங்க.”

“அந்த உயிரு எனக்கு வேணாண்ணா.”

அப்பா பைபிளைத் திறந்தார். ஒவ்வொரு ஞாயிறும் புதிதாக ஒரு வசனம் தேடி வைத்திருப்பார். அத்தையிடம் பதில் வசனம் இருக்காது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். அப்பா ஜெயித்துவிட்டார் என்று ஒவ்வொரு வாரமும் எனக்குச் சந்தோஷம்.

ஒரு ஞாயிறு அத்தை என்னையும் கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு சுரூபம்கூட இல்லை. மேளம் அடித்தார்கள், கை தட்டினார்கள், பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டு ஜெபித்தார்கள். என் பக்கத்தில் அத்தை கைகளை விரித்து நின்றாள்.

“எம்புள்ள எங்க இருந்தாலும் யாராச்சும் அவனுக்கு ஒரு வாய் சோறு போடணும், ஆண்டவரே. சீக்கிரம் கொண்டாந்து விட்டுடுங்க.”

வீட்டுக்கு வந்ததும் அங்கே என்ன நடந்தது என்று அப்பா விசாரித்தார். மேளத்தைப் பற்றி விலாவாரியாகச் சொன்னேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், இந்த வீட்டில் இருப்பதென்றால் மன்றாட்டு மாலைக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொன்னார். அத்தை பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுசில் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டோம். அப்பா இருந்தவரை அவள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நினைத்தால் இப்போதும் மனது ஆறவில்லை.

வசனம் தெரியாமல் தங்கை ஏமாந்துபோனாள் என்றே அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நம்பினேன். நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவள் பிள்ளையை மோட்சத்தில் உட்கார வைத்துவிட்டோம். அவளோ அவனுக்குச் சோறு கேட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு பக்கத்தில் நின்றும் எனக்கு அது விளங்கவில்லை.