சிவக்காத கை

கடற்கரைச் சாலையில் மருதாணிக் கோன் போடும் பெண் என் மகளின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு மணி நேரத்துல கருகருன்னு புடிச்சுக்கும்க்கா," என்றாள். கோனின் நுனியை வெட்டியதும் வந்தது மருதாணி வாசனை இல்லை, ஹேர் டை நெடி.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, அதே நெடி ஒருநாள் சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குள் அடித்தது. எங்களோடு இருந்த அத்தைக்கு மருதாணி எப்படி அரைத்து வைத்தாலும் வெளிறிய ஆரஞ்சுதான். மாமாவோ கல்யாணமான கையோடு பிரான்சுக்குப் போய்விட்டார். "கை செவந்தாத்தான புருஷனுக்கு ஆச இருக்கும்," என்று அவள் மாமியார் வரும்போதெல்லாம் எல்லார் முன்னாலும் சொல்வாள்.

மாமா லீவில் வருகிறார் என்றதும் அத்தை மருதாணியில் ஹேர் டை பொடியைக் கலந்து, புறங்கையில் கொடி வரைந்துகொண்டாள். கன்னங்கரேலென்று பிடித்தது. அன்று முழுக்க எங்களிடம் காட்டிக் காட்டிச் சிரித்தாள். இரண்டு நாளில் கொடி முழுக்கக் கொப்புளம்.

மாமா வந்தார். துணி சுற்றிய கையோடு அத்தைதான் மீன் குழம்பு ஊற்றினாள். கைக்கு என்ன என்று அவர் கேட்கவில்லை. திரும்பிப் போனவர் அப்புறம் வரவே இல்லை. கொப்புளம் ஆறியும் கொடி மட்டும் தழும்பாக நின்றுவிட்டது, அவள் சாகும்வரை.

மகளின் கையை வெடுக்கென்று இழுத்தேன்.

"பாப்பா ஆசப்படுது, போட்டு வுடுறேன்க்கா. அவ்ளோ சீக்கிரம் போவாது."

"தெரியும்," என்றேன்.