சர்வர் பக்கத்துக் கலைச்செல்வி

இன்று காலையிலிருந்து பாண்டிச்சேரி உப்பளத்தில் என் வாடகை அறையில் நானும் லேப்டாப்பும்தான். என் வெப் பக்கம் சர்வரில் இருக்கும் ஒரு மெத்தடை, அதாவது ஒரு சின்ன நிரலை, பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம், ‘அந்தப் பெயரில் எதுவும் இல்லை’ என்றே பதில் வந்தது.

சர்வர் வேலையைப் பார்க்கும் கலைச்செல்விக்குப் போன் செய்தேன். ஒரே கம்பெனி, ஆனால் நேரில் பார்த்ததில்லை.

“பேர்ல முதல் எழுத்து கேபிடல்க்கா. நீங்க சின்னதா போட்டுட்டீங்க.”

மாற்றியதும் வேலை செய்தது. இருவருமே போனை வைக்கவில்லை.

“அக்கா, நீங்க எந்த ஊரு?”

“பாண்டிதாம்மா. உப்பளம்.”

“ஐயோ, நானும் பாண்டிதான்க்கா, ரெட்டியார்பாளையம்! சாயந்தரம் டீ குடிக்கலாமா?”

யாராவது இப்படிக் கேட்கமாட்டார்களா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன்.

“வேலை இருக்கும்மா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சாயந்தரம் ஒரு வேலையும் இல்லை. இப்போது நானே கூப்பிட்டால் என்ன நினைப்பாள்? யாராவது சொல்லுங்களேன்.